வீட்டுக்குக் கேமரா: யாரைப் பார்க்க? யார் பார்க்க?



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் இரண்டு குழுக்களிலிருந்து ஒரே மாதிரியான கடன் கேட்பு வந்தது. ஒரு உறுப்பினர் ஆட்டுப்பட்டிக்குக் கேமரா வைக்கக் கேட்டிருந்தார். இன்னொருவர் வீட்டு வாசலுக்குக் கேட்டிருந்தார். "கறவை மாட்டுக்குக் கொடுத்தோம், தையல் மிஷினுக்குக் கொடுத்தோம். கேமராவுக்கும் கொடுக்கலாமா?" என்று ஒரு பிரதிநிதி கேட்டார். "கேமரா வச்ச வீட்லயுந்தான் திருட்டுப் போகுது, என்ன பிரயோசனம்?" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு அக்கா எழுந்து, "திருடனை விடுங்க. எங்க வீட்ல கேமரா வச்சதிலிருந்து நான்தான் திருடி மாதிரி பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

அந்த மூன்று பேச்சுக்கும் பதில் தேடித்தான் இந்த மாதப் பாடத்தை எழுதியிருக்கிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, இடையிடையே நிறுத்திப் பேசுங்கள்.

இதை முதலில் யோசித்தவர் ஒரு பெண்

வீட்டு வாசலுக்குக் கேமரா என்பது இன்று பெரிய கடைகளில் விற்கும் பொருள். ஆனால் இந்த யோசனை பெரிய கம்பெனியில் பிறக்கவில்லை. வேலைக்குப் போன ஒரு பெண்ணின் பயத்தில் பிறந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்றொரு நர்சு இருந்தார். அவருக்கும் கணவருக்கும் வேலை நேரம் ஒத்துப்போகாது. பல இரவுகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய நிலை. அந்தப் பகுதியில் குற்றங்கள் அதிகம். கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். யாராவது கதவைத் தட்டினால், யார் என்று பார்க்கவே கதவருகே போக வேண்டும். போகவே பயம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த தன் கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து ஒரு ஏற்பாட்டை உருவாக்கினார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள். அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒரு டிவி. வந்திருப்பது யார் என்று அதில் பார்க்கலாம், மைக்கில் பேசலாம். வேண்டியவர் என்றால் ஒரு பட்டனை அழுத்திக் கதவைத் திறக்கலாம். ஆபத்து என்றால் இன்னொரு பட்டனை அழுத்தி உதவிக்கு ஆள் கூப்பிடலாம். 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் கிடைத்தது. இன்றைய வீட்டுக் கேமரா ஏற்பாடுகளுக்கெல்லாம் இது ஒரு முன்னோடி.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தக் கேமரா வாசலைப் பார்த்தது, வீட்டுக்குள் இருந்த பெண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு, படம் தெரியும் திரையும் கதவைத் திறக்கும் பட்டனும் அந்தப் பெண்ணின் கையில் இருந்தன. இந்த இரண்டும் இருந்தால் கேமரா நமக்குக் காவல். இந்த இரண்டும் மாறிப்போனால் அதே கேமரா நமக்குச் சிறை. இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

கேமரா செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

கேமரா திருடனைப் பிடிக்காது. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். நடந்ததைச் சொல்லும். சில நேரம், கேமராவைக் கண்டதும் வந்தவன் திரும்பிப் போகலாம். செல்போனுக்கு உடனே தகவல் அனுப்பும் வசதி இருந்தால் நாம் சத்தம் போடலாம், அக்கம்பக்கத்தைக் கூப்பிடலாம். ஆனால் உளுத்துப்போன கதவைக் கேமரா தாங்கிப் பிடிக்காது.

அதனால் கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்.

முதலில் கதவு. நிலை, கொண்டி, தாழ்ப்பாள், பூட்டு உறுதியாக இருக்கிறதா? கொல்லைப்புறக் கதவுக்கும் சேர்த்துப் பாருங்கள். முன்கதவுக்கு நல்ல பூட்டும் பின்கதவுக்கு ஒரு கயிறும் போட்டிருக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய.

இரண்டாவது விளக்கு. ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. வெயிலில் சார்ஜ் ஏறும் சோலார் விளக்கும் உண்டு. கரண்ட் போனாலும் எரியும். கேமராவை விட விலை குறைவு.

மூன்றாவது அக்கம்பக்கம். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, காவல் நிலையத்திலும் தகவல் கொடுப்பது. வீட்டைப் பூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் ரோந்து வரும் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். நகையையும் குழுப் பணத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

இவை மூன்றும் ஆன பிறகு கேமரா.

எங்கே மாட்டுவது, எப்படி மாட்டுவது

ஆட்டுப்பட்டிக்குக் கேமரா கேட்ட உறுப்பினர், ஏற்கெனவே ஒரு கேமரா வாங்கி ஏமாந்தவர். நான்கு ஆடுகள் களவு போன பிறகு பதிவைப் பார்த்தால் ஒரே வெள்ளைப் புகை. திருடன் புகை போட்டானா என்று கேட்டார்கள். இல்லை. கேமராவுக்கு முன்னால் சிலந்தி வலை!

இரவில் பார்க்கும் கேமராவிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வரும். இதை இன்ஃப்ராரெட் என்பார்கள். அந்த வெளிச்சம் பக்கத்தில் உள்ள சுவரிலோ, கண்ணாடியிலோ, சிலந்தி வலையிலோ பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை துடைப்பத்தை எடுக்கும்போது கேமராவையும் ஒரு துணியால் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க வைக்காதீர்கள்.

உயரம் எட்டு முதல் பத்து அடி. அதைவிடக் கீழே இருந்தால் கையால் திருப்பிவிடுவான். ரொம்ப மேலே இருந்தால் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. காலை வெயில் நேராக அடிக்கும் திசையைப் பார்த்து மாட்டினால் படம் மங்கும்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாட்டும் அன்றே பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் பிறகு அந்தப் பதிவை வைத்து யாரிடமும் வாதாட முடியாது.

பதிவு எங்கே சேருகிறது என்று கேளுங்கள். சின்னக் கேமராக்களில் மெமரி கார்டில் சேரும். கார்டு நிறைந்ததும் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியது பதிவாகும். நாலு நாள் கழித்துத் திருட்டைக் கவனித்தால் பதிவு அழிந்தே போயிருக்கலாம். நம் கார்டில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? சாதாரணக் கேமரா நின்றுவிடும். வைஃபை பெட்டியும் நின்றுவிடும். பேட்டரி உள்ள சோலார் கேமரா ஓடும். வைஃபை இல்லாத தோட்டத்துக்கும் பட்டிக்கும் சிம் கார்டு போடும் கேமரா உண்டு. ஆனால் அந்த சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும். கேமரா விலையை மட்டும் பார்த்துக் கடன் கேட்காதீர்கள். மாதச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. நம் கேமரா நம் வாசலை மட்டும் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றடியும் குளியல் மறைப்பும் அதில் தெரிந்தால், திருடன் வருவதற்கு முன்னால் சண்டை வந்துவிடும். அது நியாயமான சண்டைதான்.

சாவி யார் கையில்?

வீட்டைக் கட்டி முடித்த கொத்தனாரிடமே சாவியை விட்டுவிட்டு வருவோமா? கேமரா விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம்.

கேமரா மாட்ட வரும் தம்பி தன் செல்போனில் ஆப் போட்டு, தன் நம்பரைக் கொடுத்து, தானே பாஸ்வேர்டு வைத்து ஓடவிட்டுக் காட்டுவார். "வேலை செய்யுதுக்கா" என்பார். நாமும் சந்தோஷமாகப் பணம் கொடுத்து அனுப்புவோம். ஆனால் அந்தக் கணக்கு அவர் பெயரில் இருக்கும் வரை, அவர் எந்த ஊரில் இருந்தாலும் நம் வீட்டைப் பார்க்க முடியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் சாவி நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து, கேமராவோடு கம்பெனியிலிருந்தே வரும் பாஸ்வேர்டு. 2016-ல் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் இன்டர்நெட் பெட்டிகளையும் ‘மிராய்’ என்ற வைரஸ் பிடித்துக்கொண்டது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்த சாதனங்களைத் தேடித் தேடி நுழைந்தது. திறந்து கிடக்கும் வீட்டுக்குள் நாய் நுழைவது போல.

அதனால் மாட்டும் அன்றே இவற்றைச் செய்யுங்கள்:

1. ஆப் உங்கள் செல்போனில், உங்கள் நம்பரில் இருக்கட்டும். உங்களிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் வீட்டில் யார் நம்பரில் என்பதை எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

2. கம்பெனி பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறந்த தேதி, பிள்ளை பெயர், 12345 வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

3. ஓடிபி கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்தால் போடுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது பேங்க் கணக்குக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

4. ஆப்பில் ‘பகிர்ந்தவர்கள்’ என்ற பட்டியல் இருக்கும். அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள்.

5. பழைய கேமராவை விற்கும்போதும் கொடுக்கும்போதும் கார்டைக் கழற்றிவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்திக் கணக்கையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

6. பில் வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. "அந்தச் சோதனை ஆனதா தம்பி?" என்று கடையில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு கிடையாது.

ஒரு அக்காவின் வீடு

கூட்டத்தில் எழுந்து பேசினாரே ஒரு அக்கா, அவர் வீட்டுக்கு நாங்கள் போனோம். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறோம்.

மகன் வெளிநாட்டில் வேலை. வீட்டில் அக்காவும் மருமகளும் பேத்தியும். போன வருடம் அக்கா வழுக்கி விழுந்து, ஒரு மணி நேரம் யாரும் கவனிக்காமல் கிடந்திருக்கிறார். மகன் பதறிப்போய், லீவுக்கு வந்தபோது மூன்று கேமரா மாட்டிவிட்டுப் போனார். வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று. அவர் நினைப்பில் தப்பில்லை. தாய் மேல் பாசம்தான்.

ஆனால் என்ன ஆனது? "மத்தியானம் யாரும்மா வந்தது?" என்று போன் வரும். "ஏன் இன்னும் அடுப்புப் பத்தவைக்கல?" என்று மருமகளுக்குப் போன் வரும். அக்கா வெயிலுக்கு ஹாலில் முந்தானையை விரித்துப் படுப்பதை விட்டுவிட்டார். மருமகள் தன் அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். ஏனென்றால் அந்தக் கேமராவில் மைக்கும் உண்டு, பேசுவதெல்லாம் கேட்கும். அவர்கள் வீட்டில் நடந்த குழுக் கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு கடன், யார் தவணை பாக்கி என்று பேசியதுகூடப் பதிவாகியிருக்கிறது. இது எங்களில் யாருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை.

நாங்கள் மகனைக் குறை சொல்லப் போகவில்லை. அக்காவே பேசினார். போனில் பேசியதை நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்டோம்.

"ஐயா, திருடன் சமையக்கட்டுல இருந்து வரமாட்டான். நீ வாசலைப் பாரு, தெருவைப் பாரு. என்னைப் பாக்கணும்னா கூப்பிடு, நான் வந்து நிக்கிறேன். எனக்குத் தெரியாம பாக்காத."

"விழுந்துட்டா என்னம்மா பண்றது?"

"அதுக்கு வழி பண்ணுவோம். காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா நீ கூப்பிடு. எடுக்கலைன்னா பக்கத்து வீட்டு சின்னம்மாவக் கூப்பிடு. போன கழுத்துலயே மாட்டிக்கிறேன்."

மருமகள் அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே கணவரிடம் பேசியிருக்கிறார். இப்போது சமையற்கட்டுக் கேமரா கொல்லைக் கதவுக்கு மேலே போய்விட்டது. ஹால் கேமரா, வீட்டில் ஆள் இருக்கும்போது ஒயர் பிடுங்கி வைக்கப்படுகிறது. வீட்டைப் பூட்டிப் போகும்போது மட்டும் ஓடுகிறது. ஆப் மருமகள் போனிலும் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் மருமகள் கொட்டகைக்குப் போய்ப் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்.

சட்டம் நமக்குத் துணை

அந்தரங்கம் பணக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்க உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

ஒரு பெண் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பித் தனிமையில் உடை மாற்றும்போதோ குளிக்கும்போதோ யார் பார்த்தாலும் படமெடுத்தாலும் அது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதா சட்டத்தின் 77-வது பிரிவின்படி முதல்முறை குற்றத்துக்கு ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. கடை, லாட்ஜ், வேலை செய்யும் இடம் எதுவானாலும் சரி. வீட்டுக்குள் ஒரு பெண்ணைத் தொடர்ந்து கண்காணித்து மிரட்டி மனதை வதைத்தால், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, மனதை வதைப்பதும் வன்முறைதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இந்த நம்பர்களைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. முதியோருக்கு 14567. இணையவழிப் பண மோசடிக்கு 1930.

படம் கிடைத்துவிட்டது. பிறகு?

திருட்டு நடந்து, கேமராவில் ஒரு உருவமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் கை உடனே எங்கே போகும்? வாட்ஸ்அப் குரூப்புக்கு. "இவனைப் பார்த்தால் பிடியுங்கள்" என்று ஊருக்கெல்லாம் அனுப்புவோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததை மறக்கக் கூடாது. பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். நம் அம்மா வயது. மங்கலான ஒரு படத்தை நாம் அனுப்பி, அதே சாயலில் ஒரு அப்பாவி எதிர்ப்பட்டால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியது இதுதான். முதலில் 112-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். பதிவு அழியாமல் இருக்கக் கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். காவலர்களிடம் ஒப்படைக்கும்போது ஒப்புகை வாங்குங்கள். பதிவு கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதை எப்படித் தருவது என்று காவல் நிலையத்திலேயே கேளுங்கள்.

கடன் கொடுக்கலாமா?

பிரதிநிதி கேட்ட கேள்விக்கு வருவோம். கொடுக்கலாம். ஆடு ஒரு குடும்பத்தின் சொத்து. தனியாக இருக்கும் பெண்ணின் நிம்மதியும் ஒரு சொத்துதான். ஆனால் கடன் கொடுக்குமுன் மூன்று விஷயங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது. கேமரா எதைப் பார்க்கப் போகிறது? ஆப் யார் போனில் இருக்கப் போகிறது? வீட்டில் உள்ள எல்லாப் பெண்களும், மருமகள் உட்பட, சம்மதித்தார்களா?

குழுவில் பேசிப் பாருங்கள்:

1. நம் ஊரில் கேமரா உள்ள வீடுகளில், ஆப் யாரிடம் இருக்கிறது? பெண்களிடம் எத்தனை வீட்டில்?

2. உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது?

3. கேமரா உள்ள வீட்டில் குழுக் கூட்டம் நடந்தால் என்ன செய்யலாம்?

4. தனியாக இருக்கும் மூத்த உறுப்பினர்களைத் தினமும் ஒருமுறை விசாரிக்க யார் யார் பொறுப்பு எடுக்கலாம்?

நான்காவது கேள்விக்கு மின்சாரமும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். அதற்கான பதிலை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எழுதி எடுத்து வாருங்கள்.